ஒருமைக்கும் பன்மைக்கும் நடுவில்

முதலில் நிறம் பார்த்துப் போடு என்கிறேன்.
லுபினாவுக்கு ஐந்து வயது. முன்பல் ஒன்று ஆடுகிறது.
நாக்கால் அதைத் தள்ளிக்கொண்டே
சிவப்பு முயலைச் சிவப்புப் படகின் பெட்டியில் போடுகிறாள்,
நீலப் படகை நீல முயலின் பெட்டியில்.
ஆறு அட்டை முடிந்ததும் விதியை மாற்றுகிறேன்:
இனி நிறம் இல்லை, உருவம்.

இந்த இடத்தில்தான் பிள்ளைகளின் கை
பழைய பெட்டிக்கே போகும்.
வாய் புது விதியைச் சொல்லும், கை கேட்காது.
ஐம்பத்தாறு வயதில் எனக்கும் அப்படித்தான்.

லுபினாவின் கையும் போனது, பாதி தூரம்.
நின்றது.
பல்லுக்கு ஒரு தள்ளு.
முயல் முயலோடு சேர்ந்தது.

லைப்சிக்கில் இதை ஒரு கோடாக வரைவார்கள்.
"இருமொழிக் குழந்தைகளிடம் சிறிய பலன்,
மேலும் ஆய்வு தேவை" என்று
காற்புள்ளி பிசகாமல் எழுதுவார்கள்.
எழுதட்டும்.
நான் பார்த்தது அந்தப் பாதி தூரத்தை.
அங்கே நிற்க இவள் எங்கே பழகினாள்?

இவள் ஊர் ரொட்டிக் கடைக்கு ஒருமுறை போனேன்.
கதவு மணி அடிக்கும்வரை சோர்பிய மொழியில் பேச்சு.
உருளைக்கிழங்கு விலையோ, பாதிரியாரின் முழங்காலோ,
எனக்கென்ன தெரியும்.
நான் நுழைந்தேன்.
வாக்கியத்தின் முன்பாதி அந்த மொழியில் கிடக்க
பின்பாதி ஜெர்மனில் முடிந்தது.
யாரும் முறைக்கவில்லை. ஒருவர் புன்னகைகூடச் செய்தார்.
அம்மாவின் கோட்டுப் பையைப் பிடித்தபடி ஒரு குழந்தை
கதவையும் வாய்களையும் மாறி மாறிப் பார்த்தது.
எந்த அட்டையும் காட்டாமலே அதற்குத் தெரிந்துவிட்டது,
விதி மாறியது.

நாங்கள் அளப்பது இதைத்தானோ?
வந்திருப்பது யாரென்று
எப்போதும் கதவில் ஒரு காதை
விட்டுவைத்திருப்பவர்களின் சுறுசுறுப்பை?

நடைவழியில் அவள் அண்ணன் உட்கார்ந்திருக்கிறான்.
பேனோ. பதினைந்து வயது, மீசை அரும்பு.
அவனை எனக்குத் தெரியும். அவனுக்கு என்னைத் தெரியாது.
பேச்சு வரவில்லையென்று மூன்று வயதில்
இதே அறைக்குத் தூக்கி வந்தாள் வோர்ஷா.
"ஒரு மொழி போதும், குழந்தையைக் குழப்பாதீர்கள்"
என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தேன்.
அன்று எல்லோரும் அப்படித்தான் எழுதினோம்.
அதுவா ஒரு சமாதானம்?
அவள் தாளை நாலாக மடித்து
நன்றி சொன்னாள், ஜெர்மனில்.
அன்று முதல் அந்த வீட்டுக்குள்ளேயே
கதவு மணி அடித்துக்கொண்டிருந்தது.

லுபினா பிறந்தபோது
வோர்ஷா யாரையும் கேட்கவில்லை.

அந்த மொழியில் 'போகலாம்' இரண்டு உண்டாம்.
ஊரே கிளம்பினால் ஒன்று.
இருவர் மட்டும் போவதற்கு இன்னொன்று,
ஒருமைக்கும் பன்மைக்கும் நடுவில்
இரண்டே பேர் நிற்கும் அளவுக்கு இடம்விட்டு.
போன வாரம்தான் படித்தேன்,
இருபத்தெட்டு வருடம் இந்த அறையில் இருந்துவிட்டு.

கதவைத் திறக்கிறேன்.
லுபினா ஓடிப்போய் அவன் சட்டைக் கையை இழுக்கிறாள்:
"போய்மொய்!"
நீயும் நானும், மூன்றாவது ஆள் கிடையாது.
பேனோ கைபேசியிலிருந்து தலை நிமிர்த்தி
"என்ன?" என்கிறான், ஜெர்மனில்.

அவள் கை பாதியில் நிற்கிறது.
என்னைப் பார்க்கிறாள். அவனைப் பார்க்கிறாள்.
"வா, போகலாம்" என்கிறாள்,
எத்தனை பேருக்கும் பொருந்தும் சொல்லில்.
ஒரு வினாடிகூட ஆகவில்லை.
இவ்வளவு வேகத்தை நான் எந்தத் தாளிலும் குறித்ததில்லை.
இதையும் குறிக்கவில்லை.

படிக்கட்டில் காலடிகள்.
முதல் திருப்பத்தில் அவன் குரல், கொஞ்சம் முரட்டாக:
"முதலில் என்னவோ சொன்னாயே, அது என்ன?"
அவள் சொல்கிறாள்.
அவன் சொல்லிப் பார்க்கிறான். தப்பு.
அவள் சிரிப்பில் ஆடும் பல்லின் காற்று.
இன்னொரு தடவை என்கிறாள், ஜெர்மனில்.

அவன் இன்னொரு தடவை சொல்வதற்குள்
கீழ்க்கதவு சாத்திக்கொண்டது.